வாளிக்குள் போன பூக்கள்

கனடாவின் இல்-பிசார் தீவில் நான் பதினாறு வருடம் வேலை செய்த செடிப் பண்ணையின் கருவி அறைச் சுவரில் ஒரு தாள் இன்னும் ஒட்டியிருக்கிறதாம். ஜெரேனியம் செடியை ஜூன் தொடங்கி உறைபனி விழும்வரை விடாமல் பூக்க வைப்பது எப்படி என்று பிரெஞ்சில் ஏழு வரி. மேலே பெரிய எழுத்தில் 'திலகா முறை' என்று தலைப்பு. திலகா நான்தான்.

சென்ற வாரம், அங்கே இப்போது பொறுப்பாக இருக்கும் நித்யா தொலைபேசி எடுத்தாள். சென்னைப் பிள்ளை, விவசாயம் படித்துவிட்டு வந்தவள். "ஆன்ட்டி, செடி வாங்குறவங்களுக்குக் கொடுக்க சின்னதா ஒரு புத்தகம் போடுறோம். உங்க முறையைப் பத்தி நீங்களே ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்களேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கத்தில் அடங்குகிற விஷயமாக இல்லை. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்தில் நின்றவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அந்தப் பெயர் அப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

முதலில் செடியைச் சொல்லிவிடுகிறேன். ஜெரேனியம் என்றதும் பல்கனித் தொட்டியில் சிவப்பாகப் பூத்து, முதல் பனிக்கே கருகிப்போகிற செடிதான் பலருக்கு ஞாபகம் வரும். நான் சொல்வது அதுவல்ல. இது நிலத்தில் நிற்பது. குளிர் வந்தால் மேலே எல்லாம் செத்து, பனிக்கு அடியில் வேர் உயிரோடு கிடந்து, ஏப்ரல் முடிவில் திரும்ப முளைக்கும். முழங்கால் உயரம்கூட வராது. எங்கள் பண்ணையில் கத்தரிப்பூ நிறத்தை விடக் கொஞ்சம் சிவந்த பூ. பூ உதிர்ந்தால் காம்பின் நுனியில் கொக்கின் அலகு மாதிரி நீளமாக விதை காய்க்கும். இந்த அலகை மறக்க வேண்டாம், பின்னால் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது செடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் வீடு. காலை ஐந்தரைக்கு அக்காடி மெட்ரோ வாசலில் ஒரு வான் வரும், எட்டுப் பேரை அள்ளிக்கொண்டு தீவுக்குப் போகும். முதல் இரண்டு வருடமும் தொட்டிக்கு மண் நிரப்பினேன். பிறகு நாற்று வீட்டுக்குள் எடுத்தார்கள்.

எடுத்தவர் மடாம் லிசெத். பல்லாண்டுச் செடிகளுக்கெல்லாம் அவர்தான் தலைவி. ஆண்கள் போடும் சப்பாத்து போட்டிருப்பார், பென்சிலை ஒட்டுக் கத்தியால் சீவுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆட்களோடு பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். வேலைக்குக் கேட்டு வந்தவர்களிடமும் "கையைக் காட்டு" என்பதுதான் முதல் கேள்வி. செடி பிரிக்கும்போது பக்கத்தில் நின்று, மூன்று விரலை மடக்கிக் காட்டுவார். ஒரு துண்டுக்கு மூன்று முளைக்கண் இருக்க வேண்டும், ஒரு பிடி வேர் இருக்க வேண்டும், வேரும் தண்டும் சேரும் கழுத்து மண் மட்டத்துக்கு மேலேயும் போகக்கூடாது, கீழேயும் போகக்கூடாது. தவறினால் திட்ட மாட்டார். நட்டதைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டுப் போவார். அதற்குத் திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவர் சொல்லித் தந்த பெரிய பாடம் கத்தரிப்பது. ஜூன் கடைசியில் முதல் பூ ஓய்ந்ததும் ஈவிரக்கம் பார்க்காமல் செடியை ஒரு முஷ்டி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். நல்ல தண்ணீர், ஒரு கை கம்போஸ்ட் உரம். ஓகஸ்டில் திரும்பப் பூக்கும். எனக்கு அது கைவந்த கலையாகிவிட்டது. பிரெஞ்சும் மற்றவர்களை விட எனக்கு நன்றாக ஓடியது. தமிழ் ஆட்களிடம் மடாம் சொல்ல வேண்டியதை நான்தான் சொல்வேன், அவர்கள் சொல்வதை மடாமுக்கு நான்தான் திருப்புவேன். பண்ணையில் மடாமுக்கு அடுத்தது திலகா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வசந்தத்தில் கௌரி வந்தாள். என்னை விட எட்டு வயது இளமை. ஒல்லி, அதிகம் கதைக்க மாட்டாள். கலியாணமாகி ஆறு மாதத்தில் புருஷனை வன்னியில் விட்டுவிட்டு வந்தவள். சண்டை நின்று பாதை திறந்திருந்த காலம் அது. அவர் கொழும்புக்கு வந்து ஒரு அறையில் இருந்துகொண்டு கனடா விசாவுக்குக் காத்திருந்தார். மடாம் அவள் கையைப் பார்த்தார். வழக்கத்தை விடக் கொஞ்ச நேரம் கூடப் பார்த்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வருடம் மே மாதம் மடாம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஆற்றுக்கு அப்பால் பண்ணைக்குப் புது நிலம் வாங்கியிருக்கிறார்கள், நான் அங்கே போகப் போகிறேன், இங்கே ஒருவரைப் பொறுப்பாக வைக்க வேண்டும் என்றார். இரண்டு பாத்தி, பாத்திக்குப் பன்னிரண்டு செடி, எல்லாம் ஒரே தாய்ச்செடியிலிருந்து பிரித்தவை. உரம் ஒரே அளவு, தண்ணீர் ஒரே நாள். மற்றது உங்கள் கை. திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு வந்து பார்ப்பேன், எந்தப் பாத்தி கடைசிவரை பூக்கிறதோ அந்தக் கைக்கு நாற்று வீட்டுச் சாவி.

கௌரி என் முகத்தைப் பார்த்தாள். "என்னவாம் அக்கா?"

"ஆளுக்கு ஒரு பாத்தியைப் பாக்கட்டாம்" என்றேன்.

சாவியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. போட்டி ஒன்று நடக்கிறது என்று தெரியாத ஒருத்தியோடு நான் அந்தக் கோடை முழுவதும் போட்டி போட்டேன். அதிலும் தோற்றுக்கொண்டிருந்தேன்.

ஜூனில் இரண்டு பாத்தியும் ஒன்றாகத்தான் பூத்தன. கடைசி வாரம் நான் முறைப்படி வெட்டினேன். கௌரி வெட்டவில்லை. "ஏன் வெட்டேல்லை?" என்று கேட்டேன். "பூத்துக்கொண்டு நிக்குது அக்கா, வெட்ட மனம் வரேல்லை" என்றாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஜூலை நடுவில் அது தானாக ஓய்ந்து, தலை கலைந்து, பார்க்கச் சகிக்காமல் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

ஓயவில்லை. என்னுடைய பன்னிரண்டும் மொட்டையாக நிற்க, அவளுடைய பன்னிரண்டும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்து மணிக்குப் புதிதாகக் குளித்துவிட்டு வந்து நின்றன. மடாம் குனிந்து பார்த்து எதையோ குறிப்பார். ஓகஸ்டில் என்னுடையதும் பூத்தது. ஆனால் அவளுடையது நிற்கவே இல்லையே. எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, இரண்டு வாரம் உண்மையாகவே புளி சேர்த்த எதையும் சாப்பிட முடியவில்லை.

உரம் களவாகப் போடுகிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் பாத்தி மண்ணைக் கிள்ளி மணந்து பார்த்தேன். அவள் தண்ணீர் விட்ட வாளியின் அடியை விரலால் தடவி நாக்கில் வைத்தேன். ஐம்பது வயதுப் பெண், கண்ணாடி போட்டவள், இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவள், வாளியை நக்கினேன். தண்ணீர்தான்.

நாலு மணிக்கு வேலை முடியும். முடிகிற நேரத்தில் என் வேலை, கோடியில் இருக்கும் கண்ணாடி வீட்டின் சன்னல்களை இறக்குவது. அதற்கு இருபது நிமிஷம் பிடிக்கும். ஓகஸ்ட் கடைசியில் ஒருநாள் சன்னல் இறக்கும் சங்கிலி அறுந்துபோனது, ஆள் கூப்பிடத் திரும்பி வந்தேன். கௌரி தன் பாத்தியில் குந்தியிருந்தாள். சாப்பாட்டுப் பெட்டி மடியில் திறந்து கிடந்தது. அன்று விரிந்திருந்த பூ ஒவ்வொன்றையும் நகத்தால் கிள்ளி, ஈரக் கடதாசியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மொட்டுகளைத் தொடவில்லை.

பண்ணையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு இலையைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. முந்திய வருடம் ஒருவர் லில்லிக் கிழங்கு இரண்டைச் சட்டைப் பைக்குள் போட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். எனக்கு அந்த ஆள்தான் ஞாபகம் வந்தார். இவள் ஏன் பறிக்கிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை. அடுத்த நாள் காலை மடாமிடம் சொன்னேன்.

மடாம் நாலு மணிவரை காத்திருந்தார். பிறகு வந்து, "பெட்டியைத் திற" என்று கையால் காட்டினார். கௌரி திறந்தாள். இருபது, இருபத்தைந்து பூ இருக்கும். "எதற்கு?" என்று மடாம் என்னிடம் கேட்டார், நான் கௌரியிடம் கேட்டேன்.

அவள் தலை நிமிராமல் சொன்னாள். "அவர் வந்து சேருமட்டும், பூக்கிற காலத்திலை ஒரு நாளும் தப்பாமல் முருகனுக்குப் பூ வைக்கிறதா நேர்ந்தனான் அக்கா. கடையிலை வாங்கக் கட்டாது. இது நாளைக்கு எப்பிடியும் உதிருற பூத்தானே. களவு எண்டு எனக்கு விளங்கேல்லை. நீங்கள் சொல்லுங்கோ, மடாமுக்கு விளங்கும்."

நான் மடாம் பக்கம் திரும்பினேன். நேர்த்தியைப் பிரெஞ்சில் சொல்ல எனக்குச் சொல் தெரியும். கடவுளுக்குக் கொடுத்த வாக்கு என்று சொன்னால் போதும். நான் சொன்னது, "வீட்டை அலங்கரிக்க எடுத்ததாகச் சொல்கிறாள்."

மடாம் அவள் கையைப் பார்த்தார். "இன்னொரு முறை என்றால் வேலை இல்லை" என்றுவிட்டுப் போனார். அதை மட்டும் நான் ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னேன்.

அதற்குப் பிறகு கௌரி பாத்தியைத் தொடவில்லை, தண்ணீர் மட்டும் விட்டாள். பத்து நாளில் பூ குறைந்தது. மூன்றாம் வாரம் ஒரு திங்கள், மடாமுக்கு முன்னால் நான் போய்ப் பார்த்தேன். காம்பெல்லாம் அலகு. பன்னிரண்டு செடியிலும் கொக்குக் கூட்டம். விதை வைத்துவிட்டால் செடிக்குப் பூக்க வேண்டிய தேவை முடிந்துவிடுகிறது. இவள் நாளாந்தம் பூவைக் கிள்ளிக்கொண்டு போனதால், அந்தச் செடிகள் விதைக்காக மூன்று மாதம் விடாமல் முயன்றுகொண்டே இருந்திருக்கின்றன. உரமும் இல்லை, மாயமும் இல்லை. முருகனுக்கு வைத்த பூதான் அவள் பாத்தியைக் காப்பாற்றியது. பாத்தி நடுவில் நின்று எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அது நின்றுவிட்டது.

ஒக்டோபரில் சாவி எனக்குக் கிடைத்தது. "விசித்திரம், அந்தப் பாத்தி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது" என்று மட்டும் மடாம் சொன்னார்.

அடுத்த கோடை நான் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தேன். தாய்ச்செடிப் பாத்திகள் எல்லாவற்றிலும், நாளாந்தம் மாலை நாலு மணிக்கு அன்று விரிந்த பூவை எடுத்துவிட வேண்டும். தலையை மட்டும் கிள்ளினால் வெறும் காம்பு நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே காம்பைப் பிடித்துக் கீழே போய், அடுத்த இலை பிரியும் மூட்டுக்கு மேலே நகத்தை வைக்க வேண்டும். மொட்டுள்ள கிளை என்றால் பூவை மட்டும். அலகு விட்ட காம்பு கண்ணில் பட்டால் அதுதான் முதல். எடுத்ததெல்லாம் கம்போஸ்ட் வாளிக்குள். இந்த விவரமெல்லாம் நான் சேர்த்தவைதான், இல்லையென்று சொல்லவில்லை. செடிகள் முதல் உறைபனிவரை பூத்தன. மடாம் புது நிலத்திலிருந்து வந்து பார்த்து, தன் கையாலேயே ஏழு வரி எழுதி, மேலே என் பெயரைப் போட்டு ஒட்டினார்.

நாலு மணி வேலையை நான் யாருக்குக் கொடுத்தேன் என்று கேட்கிறீர்களா? கௌரிக்கு. அவள் விரலுக்குத்தான் பழக்கம் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். ஒரு வருடம் முன்பு சாமிக்கென்று கொண்டுபோன அதே பூவை, அதே நேரத்தில் கிள்ளி, என் கண் முன்னால் வாளிக்குள் போட்டாள். ஒரு பூவைக்கூட எடுத்துப் போ என்று நான் சொல்லவில்லை. சாவி என்னிடம் இருந்தது, சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கு நான் செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும்.

உண்மையைச் சொல்வதென்றால், சாவி கிடைத்த பிறகும் என் எரிச்சல் அடங்கவில்லை. அது பாத்தியோடு முடிகிற எரிச்சல் இல்லை. என் மனுசன் மூன்றாம் மாடியில் பத்திரமாக இருந்தார். காலையில் தேத்தண்ணி, மாலையில் தொலைக்காட்சி. இருபத்தாறு வருடத்தில் அவருக்காக நான் ஒரு பூ நேர்ந்ததில்லை, அவரும் எனக்காக ஒன்றும் நேர்ந்ததாகத் தகவல் இல்லை. இவளோ ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்தவனுக்காக நாள் தவறாமல் பூக் கிள்ளுகிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

அந்த நவம்பரில், பண்ணையைக் குளிருக்கு மூடுவதற்கு முன் தொட்டி கழுவும் நாட்களில், மடாம் வந்து எங்களோடு நின்று கழுவினார். வழக்கமில்லாமல் கதை சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தகப்பன் குளிர்காலம் முழுவதும் காட்டில் மரம் வெட்டப் போய்விடுவாராம். ஒருமுறை வசந்தம் வந்தும் ஆள் வரவில்லையாம். வருகிற நாள்வரை தாய் பக்கத்துக் காணிகளில் பூப் பறித்து மாதா சிலைக்கு வைத்தாராம். "காணிக்காரர் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு யார் என்ன சொல்வது" என்றார்.

நான் கழுவி முடித்த தொட்டியையே திரும்பவும் கழுவினேன். கௌரி இரண்டு தொட்டி தள்ளி நின்றாள். "மடாம் என்னவாம் அக்கா?" என்று கேட்டாள். "சின்ன வயசுக் கதை" என்றேன்.

அடுத்த கோடையும் வாளிதான். அந்த ஒக்டோபரில் அவள் புருஷன் வந்து சேர்ந்தார்.

வந்து இரண்டாம் ஞாயிறு, இருவரும் பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர் உயரமான மனுஷன், மேல்கோட்டு யாரிடமோ வாங்கியது, அதன் கை கட்டையாக இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்தித்துறை வடைப் பையை மேசையில் வைத்தார். "இவ எழுதின கடிதத்திலை எல்லாம் உங்கட பேர்தான் அக்கா. நீங்கள் மடாமோடை கதைச்சபடியால்தான் வேலை தப்பினது எண்டு எழுதியிருந்தவ" என்றார். என் மனுசன் முதல் தடவையாக என்னைப் பெருமையோடு பார்த்தார். எனக்கு உட்கார முடியவில்லை, தேத்தண்ணி போடுகிறேன் என்று எழுந்தேன். கௌரி பின்னாலேயே குசினிக்குள் வந்தாள்.

கேத்தலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "கௌரி, அண்டைக்கு நீர் சொன்னதை நான் மடாமுக்குச் சொல்லேல்லை."

"தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"மெசோன் எண்டால் வீடு எண்டு எனக்கு அப்பவே தெரியும். வீடு எண்டு சொன்னீங்கள். சாமி எண்ட ஒரு கதையும் உங்கட வாயிலை வரேல்லை."

"பேந்து ஏன் பேசாமல் இருந்தனீர்?"

"கதைச்சு வேலை போனால் அவரின்ட அலுவல் என்னாகிறது? விசாவுக்கு என்ரை வேலைக் கடிதம் கேட்டுக்கொண்டிருந்தவங்கள்." கோப்பைகளை வரிசையாக வைத்தாள். "நேர்த்தியை நான் விடேல்லை அக்கா. முதல் வருசம் கொஞ்ச நாள் தப்பிப்போச்சு, அழுதனான். பேந்து நீங்களே நாளாந்தம் பறிக்கச் சொல்லிப்போட்டியள். வாளிக்குள்ளை போடேக்கை ஒவ்வொரு பூவுக்கும் அவரின்ட பேரைச் சொல்லித்தான் போட்டனான். வீட்டிலை வைச்சதிலும் பாக்க வாளிக்குத்தான் கூட வைச்சிருப்பன். அவர் வந்திட்டார்தானே."

அந்த வாளியை இரண்டு கோடையும் ஒவ்வொரு மாலையும் கம்போஸ்ட் குவியலுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டியவள் நான். நிரம்பினால் பாரம், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும்.

அந்த நேரத்தில் வெட்கம் வந்திருக்க வேண்டும். அது பிறகு வந்தது, இன்னும் போகவில்லை. ஆனால் குசினியில் நின்ற எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். நான் எதைப் பறித்தாலும் இவளிடம் குறையவில்லையே என்று. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில், "சீனி எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அவருக்கு ரெண்டு" என்றாள்.

நித்யா, இதைப் புத்தகத்தில் போடுவதும் விடுவதும் உன் விருப்பம். ஆனால் தாளை மாற்று. மேலே என் பெயரை எடுத்துவிட்டு 'கௌரி முறை' என்று எழுது. ஏழு வரியும் சரியாகத்தான் இருக்கின்றன. எட்டாவதாக ஒன்றைச் சேர்: எடுத்த பூவை யாராவது கேட்டால், எதற்கென்று விசாரிக்காமல் கொடுத்துவிடவும்.

இப்போது நான் மகனோடு டொலார்டில் இருக்கிறேன். வாசலில் அதே ஜெரேனியம் ஆறு செடி. கௌரியும் அவரும் லாவலில் வீடு வாங்கியிருக்கிறார்கள், அங்கேயும் அதே செடி. போன ஒக்டோபர் ஒரு மாலை போயிருந்தேன். நாலு மணியானதும் அவர் எழுந்து வெளியே போனார். நேர்த்தி முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, பூவை இப்போது பறிப்பது அவர். கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். பதினொன்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் குனிந்து என்னுடையதை எண்ணினேன். ஒன்பது.